காத்திருப்பில் ஒரு சிம்பொனி

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அம்மா சில்லுவின் கைபேசியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். அம்மா பல் மருத்துவரிடம் உதவியாளர். பிடுங்குவதில் தயவு பார்க்கமாட்டாள்.

"பாட்டு கேக்குறதுதாம்மா பாடமே."

"யார்கிட்ட கதை விடற?"

மேற்கத்திய இசைத் தாளில் ஒரு சிம்பொனியின் இரண்டாம் பகுதி கட்டாயம் வரும். எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது என்று கேட்டுக் கேட்டுத்தான் மனதில் பதிய வேண்டும். ஃப்ரிட்ஜ் கம்பெனியின் புகார் எண்ணில், காத்திருப்பவர்களுக்குப் போடுவது அதே இசைதான் என்பது சில்லுவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. கூடத்தில் இருந்த பழைய தொலைபேசியை யாரும் பூட்டவில்லை.

நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து அழைத்தாள். ஓபோ குழல் முடிந்து செலோ என்ற பெரிய வயலின்கள் தொடங்கும் நேரம் பார்த்து ஒரு பெண் எடுத்துத் தொலைத்தாள்.

"சொல்லுங்க, என்ன பிரச்சனை?"

"அவசரமில்லைங்க. மறுபடி காத்திருப்புல போடுங்க."

"புகார் இல்லாம போட முடியாதுங்க."

"ஃப்ரிட்ஜுல சத்தம் வருது."

"எந்த மாதிரி சத்தம்?"

சில்லுவின் வாயில் வந்தது செலோக்களின் மெட்டுதான். முனகிக் காட்டினாள். எதிர்முனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மேலதிகாரிகிட்ட கேக்குறேன், லைன்லயே இருங்க."

இப்படியே நாளுக்கு நாலு புகார். ஐந்தாம் நாள் மெக்கானிக் வந்துவிட்டார்.

"நல்லாத்தானே ஓடுது," என்றாள் அம்மா.

"பாடுதுன்னு எழுதியிருக்குங்க." அவர் ஃப்ரிட்ஜில் காதை வைத்தார். அம்மாவும் வைத்துப் பார்த்தாள். "இப்ப பாடலை. விட்டு விட்டு வர்ற கோளாறுதான் ரொம்ப மோசம்," என்று சொல்லி, ஃப்ரிட்ஜைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

அம்மா கொதித்துப்போய் கம்பெனிக்குப் போன் போட்டாள். காத்திருக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் நின்றாள். சில்லு ரிசீவரின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டு காதைக் கொடுத்தாள். நான்கு நிமிட இசை பத்து முறை முதலிலிருந்து வந்தது.

"எவனாவது எடுப்பானா மாட்டானா?"

"எடுக்கக் கூடாதும்மா," என்றாள் சில்லு, எழுதிக்கொண்டே.

தேர்வு அறையில் அதே இசை. நான்கு நிமிடம் வரை பேனா பறந்தது. அதன்பின் இசை முதலுக்குத் திரும்பவில்லை. மேலே போய்க்கொண்டே இருந்தது. பிறகு வயலின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. இது முடியக்கூடிய ஒன்று என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எழுத மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

இசை எப்படி முடிகிறது என்ற கடைசிக் கேள்விக்குப் பூஜ்யம். மற்றதில் தேறிவிட்டாள். ஃப்ரிட்ஜ் இன்னும் சோதனையில் இருக்கிறதாம். பால் மேல்வீட்டில் இருக்கிறது.