நூல் போன திசை

எச்சில் தொட்ட பஞ்சால் ஓவியத்தின் இடது மூலையை அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள் தேசாக் ரத்னி. வீட்டுக் கோயிலில் பத்து வருடம் ஊதுவத்திப் புகை குடித்த துணி. பஞ்சு கறுத்துக்கொண்டே வந்தது. அம்மா அதை விற்றுவிட்டாள். வாங்கியவரின் வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது. ஓவியம் போய்விட்டால், அப்பா எங்கே செத்தார் என்பது கடைசிவரை தெரியாது.

கடலில் போனார் என்றுதான் ஊர் நம்பியது. படகு மட்டும் காலியாகக் கரை ஒதுங்கியது. மாசெத்திக் கடற்கரையில் அவர் ஆவியை அழைத்த சடங்கைச் சித்தப்பா தேவா சுவெதா இந்தத் துணியில் வரைந்திருந்தார்.

உயிர் போன இடத்தில் நின்று அழைத்தால்தான் ஆவி வெள்ளை நூலைப் பிடித்து வீடு வரும். ஓவியத்தில் பூசாரி மணியடிக்கிறார். எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். கருவிழிகள் மட்டும் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தன. அந்த முகங்களில் துக்கம் இல்லை, எதையோ மறைக்கும் களை. ஆவி வந்து இறங்க வைத்த ஓலைப் பொம்மையில் கட்டிய நூலும் கடலுக்குப் போகவில்லை. கால்களுக்கிடையே நழுவி, அவள் துடைத்த மூலைக்கு வந்தது. அங்கே மூங்கில் சூழ்ந்த பள்ளம். தலை உடைந்த காவல் சிலை.

ரத்னியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் அதே பள்ளம்.

"படத்தைக் குளிப்பாட்டியா அனுப்பறே?" வாசலில் சித்தப்பா.

"நூல் ஏன் சித்தப்பா நம்ம கொல்லைக்கு வருது?"

"மூலை காலியா இருந்துச்சு."

"நீங்களா காலியா விடுறவரு? விரல் அகலம் கிடைச்சாலே ஒரு தவளையை வரைஞ்சிடுவீங்களே."

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்தினார். ரத்னி ஓரடி பின்வாங்கினாள்.

"அப்பாவை என்ன பண்ணினீங்க?"

"மெதுவாப் பேசு." அவர் பார்வை சமையலறைப் பக்கம் போய் வந்தது. "கடற்கரையில கூப்பிட்டா அண்ணன் வரமாட்டான்னு எனக்குத் தெரியும். வாயைத் திறக்கத் தைரியமில்ல. படத்துலயாவது சரியான இடத்துல கூப்பிட்டேன்."

"அப்ப நீங்கதான்..."

"நான் பார்த்தவன். அவ்வளவுதான். நூல் இறங்குற இடத்துக்கு மேல துடை."

துடைத்தாள். பள்ளத்தின் விளிம்பில் இரண்டு கைகள் தெரிந்தன. தள்ளிவிட்டு இன்னும் மடங்காத கைகள். அப்புறம் ஒரு முகம். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு.

வெளியே வேன் நின்றது. சாத்திய கதவு தள்ளித் திறக்கப்பட்டது.

"ரத்னி, இன்னும் கட்டி வைக்கலையா?" என்றபடி உள்ளே வந்த அம்மா, இடது புருவத் தழும்பின் மேல் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.