இன்னொரு ஊசியின் முனை

பீப் பீப்பென்று அலறியது பேக்கிங் பக்கத்து மெஷின். ஷூவுக்குள் இரும்புத் துணுக்கு இருந்தால் காட்டிக்கொடுக்கும் மெஷின் அது. தையல் வரிசையில் இருந்த ஹெலனின் கால் பெடலை விட்டு நழுவியது.

"இன்னாக்கா, பேயக் கண்ட மாதிரி முழிக்கற?" பக்கத்து மெஷின் மேகலா சிரித்தாள். "மெக்கானிக் ஸ்பேனரக் கொண்டுபோய் பெல்ட்டு மேல வச்சிட்டாரு. அவர எக்ஸ்போர்ட் பண்ணிடப் போறாங்க!"

ஹெலனுக்குச் சிரிப்பு வரவில்லை. தீபாவளிக்கு முன்பும் இப்படித்தான் அலறியது. அன்று சிக்கியது ஊசிமுனை. அதுவும் குழந்தை ஷூவுக்குள்.

தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, அட்டையில் முழு ஊசியாக ஒட்டிக் காட்ட வேண்டும். துணுக்கு குறைந்தால் புது ஊசி கிடையாது, வரிசையே நின்றுவிடும். அன்று ஹெலனின் ஊசி உடைந்து, முனை மட்டும் அகப்படவில்லை. சூப்பர்வைசர் ஜான்சன் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். டப்பாவில் கிடந்த பழைய ஊசியின் முனையை ஒடித்து ஒட்டிவிட்டாள்.

மாலையில் விசாரணை. அன்று ஊசி உடைத்த இன்னொருத்தி ஷஹீன் பானு. அவள் அட்டையில் மயிரிழை இடைவெளி, ஹெலனுடையது கச்சிதம். பழி ஷஹீன் மேல் விழுந்தது; வேலை போய், அழுதுகொண்டே கேட்டைத் தாண்டிப் போனாள். ஹெலன் வாயே திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஹெலன் மாதா கோயில் பூசையில் நன்மை எனும் அப்பத்தை வாங்கவில்லை. எல்லோரும் பீடத்துக்குப் போக, இவள் மட்டும் தலையைக் கவிழ்த்து முழங்காலில் கிடப்பாள்.

அந்தச் சனிக்கிழமை, தவக்காலக் கூட்டத்தோடு, பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். கோபம், பொய், பூசைக்குப் போகாதது என்று வழக்கமானவற்றைச் சொல்லி நிறுத்தினாள்.

"வேற?" என்றார் கம்பிவலைக்கு அந்தப்பக்கம் சாமியார்.

கொட்டிவிட்டாள். கடைசியில், "அபராதம் எத்தினி ஜெபமாலை சாமி?" என்றாள்.

"ஜெபமாலை இருக்கட்டும்மா. ஆண்டவர் உன்ன மன்னிக்கறாரு, அதுல சந்தேகம் வேணாம். ஆனா அந்தப் பொண்ணோட நல்ல பேரு உங்கிட்ட மாட்டிக்கினு இருக்குது. போய்த் திருப்பிக் குடு."

"வேல போயிடும் சாமி."

"போனாலும் போவும்."

ஹெலன் கம்பிவலையில் நெற்றியைச் சாய்த்தாள். பிறகு, "குடுத்துடறேன்" என்றாள். மன்னிப்பு வழங்க அவர் கை உயர்ந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை மேனேஜர் வக்கார் அகமது எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நீ நாளைலேர்ந்து வர வேணாம். ஷஹீன வரச் சொல்லு. அத நீயே போய்ச் சொல்லணும்."

கேட்டைத் தாண்டும்போது வேலை போன பயம் இருந்தது. ஆனாலும், பல மாதங்களுக்குப் பிறகு மூச்சு அடிவரை இறங்கியது.

ஷஹீன் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கூலிக்கு ஷூ தோல் தைத்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், காறித் துப்புவாள் என்று எண்ணியபடியே ஹெலன் அவள் எதிரில் மண்டியிட்டாள்.

"ஷஹீன், அந்தக் கொழந்த ஷூவுல இருந்த முனை என்னுது. பழசு ஒண்ண ஒட்டி ஏமாத்திட்டேன். உன் மேல தப்பே இல்ல. மேனேஜர்கிட்டயும் சொல்லிட்டேன்."

ஷஹீனின் கையிலிருந்த தோல் மடியில் விழுந்தது.

"அப்போ அது என்னுது இல்லியாக்கா? ஒரு கொழந்த கால்ல குத்தியிருக்குமேன்னு, இத்தினி நாளா ஒவ்வொரு தொழுகையிலயும் அல்லாகிட்ட நான் மாப்பு கேட்டுக்கினு இருக்கேனே!"