இரவல் அழுகை

சீரியல் யூனிட்டில் அவளுக்கு 'அழுகைராணி' என்று பெயர். வைத்தவன் டப்பிங் தியேட்டரின் சவுண்ட் இன்ஜினியர். நாளாவட்டத்தில் அழுகை உதிர்ந்து ராணி மட்டும் நின்றது. டிவியில் எந்தக் கதாநாயகி விக்கி விக்கி அழுதாலும் அந்த விக்கல் பெரும்பாலும் அவளுடையதுதான். கண்ணீர் மட்டும் கதாநாயகியின் சொந்தச் சரக்கு. அதிலும் பாதி கிளிசரின்.

இப்போது ஓடிக்கொண்டிருந்த சீரியலில் நாயகி ஒரு நர்ஸ். நோயாளிகளின் வலிக்காக வரும் போதை ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டு, பழகி, விட முடியாமல் தவிப்பவள். வலியில் துடிக்கிறவருக்கு வெறும் தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டு, மூலையில் ஒளிந்துகொண்டு கூனிக் குறுகுபவள். ஊரே அந்த நர்ஸுக்காக உருகிக்கொண்டிருந்தது.

நர்ஸாக நடித்தது ஒரு புதுப்பெண். முகம் செதுக்கி வைத்தாற்போல் இருக்கும். குரல் மட்டும் கட்டை. "இந்தக் குரலோட ஹீரோயினா? ஆளை வெச்சுப் பேச விடு" என்று தயாரிப்பாளர் சொன்னதால் ராணிக்கு வேலை வந்தது. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. மனசுக்குள் ராணி அவளுக்கு 'பொம்மை' என்று பெயர் வைத்திருந்தாள்.

பத்திரிகை அட்டையில் பொம்மை. பஸ்ஸின் முதுகில் பொம்மை. ராணி ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் டெய்லர் அம்மாகூட, "அந்த நர்ஸ் பொண்ணு என்னமா அழறா! வயித்தைப் பிசையுதுங்க" என்றாள். அழுதது யார்? ராணிக்கு அடிவயிற்றில் நெருப்பு. வீட்டில் சொல்லிப் புலம்பினால் கணவர், "பின்ன, தொண்டையையா போட்டோ எடுத்துப் போடுவாங்க?" என்று சிரித்தார். அன்று அவருக்குச் சாப்பாடு ஆறித்தான் கிடைத்தது.

இருந்தும் ஒரு தெம்பு இருந்தது. தான் இல்லாவிட்டால் பொம்மை வெறும் பொம்மை.

அந்தத் தெம்பு ஒரு காலை நேரத்தில் ஆட்டம் கண்டது.

ஷூட்டிங்கில் நடிகை பேசுவதும் ஒரு டிராக்கில் பதிவாகும். பைலட் என்பார்கள். டப்பிங் செய்பவர் அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே, திரையில் உதட்டசைவைப் பார்த்துத் தன் குரலைக் கொடுப்பார். முடிந்ததும் பைலட்டைச் சத்தமே கேட்காதபடி அமுக்கிவிடுவார்கள். தினசரி ஓடும் சீரியலில் அதை உட்கார்ந்து கேட்க யாருக்கு நேரம்? டைரக்டருக்கு மானிட்டரில் தெரியும் முகம் போதும். குரல்தான் எப்படியும் மாறப்போகிறதே.

அன்றைய சீன், வார்டை ஒட்டிய சின்ன ஸ்டோர் ரூம். கையில் மருந்து இல்லை. நர்ஸுக்கு உடம்பு உதறுகிறது. வெளியே கட்டிலில் ஒரு பெரியவர் வலி தாங்காமல், "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று முனகுகிறார். அவருக்குப் போட்டது தண்ணீர் என்பது அவளுக்குத் தெரியும். வசனப் பேப்பரில் 'கதறி அழுகிறாள்' என்று எழுதியிருந்தது.

ராணி தொண்டையைச் செருமிக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள். திரையில் பொம்மை, முகத்தில் மாஸ்க்கோடு, மடித்து வைத்த போர்வைகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள்.

கதறல் வரவில்லை. பல் ஒன்றோடொன்று தட்டும் சத்தம் வந்தது. இழுத்த மூச்சை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் சத்தம். வெளியே பெரியவர் மறுபடி கூப்பிட்டார். உடனே பொம்மை அந்தக் கட்டைக் குரலில், வேலையில் இருக்கும் எந்த நர்ஸும் சொல்வதுபோல, "இதோ வந்துட்டேன் தாத்தா" என்றாள். அவ்வளவுதான். மறுபடி பல் தட்டும் சத்தம்.

ராணியின் கை மயிர் சிலிர்த்து நின்றது. இத்தனை காலத்தில் தான் இப்படி ஒரு தடவைகூட அழுததில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, கேட்டீங்களா?"

"கேட்டேன். ஃபேன் சத்தம் விழுந்திருக்கு."

"அதை எடுத்துடலாம்க்கா. டைரக்டர் இப்ப வந்துடுவார். இதை அப்படியே போட்டுக் காட்டட்டுமா?"

டைரக்டர் இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று ராணிக்குத் தெரியும். 'கட்டைக் குரலா இருந்தா என்ன, இனிமே அவளே பேசட்டும்' என்பார். அத்தோடு இந்த ஸ்பாஞ்ச் ஒட்டிய அறையில் அவளுக்கு வேலை இல்லை.

"என்ன தம்பி பேசற? பேப்பர்ல கதறி அழணும்னு இருக்கு. இவ ஏதோ குளிர்ல நடுங்கற மாதிரி உக்காந்திருக்கா. முதல்ல நான் ஒண்ணு குடுக்கறேன். அப்புறம் பார்ப்போம்."

மாஸ்க் போட்ட சீன் டப்பிங்காரர்களுக்கு அல்வா மாதிரி. உதடு தெரியாது. எதை வேண்டுமானாலும் நிரப்பலாம். ராணி நிரப்பினாள். அடிவயிற்றிலிருந்து இழுத்து, நடுவில் உடைத்து, விக்கி, மூச்சு முட்டி, "தாத்தா... என்னை மன்னிச்சிடுங்க தாத்தா!" என்று பேப்பரில் இல்லாததையும் சேர்த்துக் கதறினாள். பொறாமையில் வெந்துகொண்டிருந்த வயிறு அழுகைக்கு நன்றாகவே கைகொடுத்தது.

கதவைத் திறந்துகொண்டு வந்த டைரக்டர் அப்படியே நின்றார். கண் கலங்கியிருந்தது.

"ராணிம்மா! பின்னிட்டீங்க! இதுதான் டேக். அடுத்ததுக்குப் போங்க."

இன்ஜினியர் ராணியைப் பார்த்தான். ராணி பேப்பரைப் புரட்டினாள். அவன் பைலட்டை அமுக்கினான்.

சீன் ஒளிபரப்பான மாலை மாமியார் முந்தானையில் மூக்கைச் சிந்தினார். "பாவி மக, கொல்றாளே!"

"அது நான்தான் அத்தை."

"குரல் உன்னுதுதான், யாரு இல்லேன்னா? அந்தக் கண்ணைப் பாரு! அதுக்கு எங்க போவ?"

ராணி எழுந்து சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களிடம் கோபத்தைக் காட்டினாள்.

சில நாள் கழித்துப் பொம்மை டப்பிங் தியேட்டருக்கே வந்துவிட்டாள். மேக்கப் இல்லாமல், தலைமுடியை வாரிச் சுருட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருந்தாள். வந்ததும் ராணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்கதானா? நான் சொதப்பின சீனைக் காப்பாத்திக் குடுத்துட்டீங்க."

"நீ எங்கம்மா சொதப்பின?"

"ஸ்டோர் ரூம் சீன்தான்க்கா. எங்க அண்ணனுக்கு இந்தப் பழக்கம் இருந்துச்சு. அவன் அழவே மாட்டான். பாத்ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு நடுங்குவான். அம்மா கூப்பிட்டா 'இதோ வரேம்மா'ன்னு ஒண்ணுமே நடக்காத மாதிரி சொல்லுவான். எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. அப்படியே செஞ்சுட்டேன். டிவில பார்த்தப்பதான் புரிஞ்சுது, அதெல்லாம் எடுபடாதுன்னு." அவள் ராணியின் முகத்தையே பார்த்தாள். "நீங்க சொல்லுங்கக்கா. நான் செஞ்சது தப்புதானே?"

'இல்லை' என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ராணி வாயையும் திறந்தாள். அதற்குள் பொம்மையின் கண்கள் கண்ணில் பட்டன. மாமியார் சொன்ன அதே கண்கள். கிட்டத்தில் இன்னும் அழகாக இருந்தன.

"தப்புன்னு இல்லம்மா," என்றாள் ராணி. "டிவிக்கு அது பத்தாது."

"அதேதான்க்கா! உங்க அழுகையைப் போன்ல பதிஞ்சு வெச்சுக் கேட்டுக் கேட்டுப் பழகறேன். இனிமே பாருங்க."

பெண் மனதார நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று ராணிக்கு அமோகமாகப் பசித்தது.

அடுத்த வாரம் தியேட்டருக்குள் நுழைந்தபோது டைரக்டர் முன்கூட்டியே வந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரே பூரிப்பு.

"ராணிம்மா, வாங்க. ஒண்ணு கேளுங்க. நேத்து ஷூட்டிங்ல பொண்ணு கத்தின கத்தல்ல செட்டே திரும்பிப் பார்த்துடுச்சு. பைலட்டைப் போடுப்பா."

ஸ்பீக்கரில் அழுகை கிளம்பியது. அடிவயிற்றிலிருந்து இழுத்து, நடுவில் உடைத்து, விக்கி, மூச்சு முட்டி. எல்லாம் ராணியுடையது. அந்த அழுகையில் பல் தட்டவில்லை. பாத்ரூம் கதவுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"அப்படியே உங்களை உரிச்சு வெச்ச மாதிரி இல்ல?" என்றார் டைரக்டர். "இவ்வளவு அழகா அழறவளுக்கு எதுக்கு டப்பிங்னு புரொடியூசரே கேட்டுட்டார். கொஞ்சம் கட்டைதான், பரவால்லங்கறார். இனிமே அவளே பேசட்டும்."

"சார், அது என்னோட அழுகை சார்."

டைரக்டர் வாய்விட்டுச் சிரித்தார். "அழுகைக்கெல்லாம் பட்டா போட முடியுமாம்மா? வேற சீரியல்ல கண்டிப்பா கூப்பிடறேன்."

இன்ஜினியர் தலையைத் தூக்கவே இல்லை. ராணி ஹெட்போனை ஆணியில் மாட்டிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த எபிசோட் ஓடிய மாலை மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். திரையில் நர்ஸ், மருத்துவமனைப் படிக்கட்டில் சரிந்து உட்கார்ந்து கதறினாள். மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்றைக்கும் இல்லாத திருநாளாய் மருமகள் பக்கம் திரும்பினார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? இன்னைக்கு அவ மூஞ்சில ஒண்ணுமே இல்ல. உன் குரல்தான் தூக்கி நிறுத்துது. என்னமா அழுதிருக்கே! ஆமா, தொண்டை ஏன் இப்படிக் கரகரங்குது?"

இத்தனை நாள் இந்தப் பாராட்டுக்குத்தான் அவள் ஏங்கியிருந்தாள். ராணி திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"லேசா தொண்டை கட்டியிருந்துச்சு அத்தை," என்றாள்.