எதிர்க்கட்சி

நுரை தோய்ந்த பிரஷ்ஷை அவன் தாடையில் வைத்தபோதுதான் தோல் எவ்வளவு தளர்ந்து போயிருக்கிறது என்பது அவளுக்குக் கையில் தெரிந்தது. கன்னத்தை இழுத்துப் பிடித்தால் காதுவரை வந்தது. பிளேடை எங்கிருந்து தொடங்குவது என்று புரியாமல் நுரையையே திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டிருந்தாள்.

“என்னடி, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிறியா?” என்றான்.

“வாயை மூடுங்க. நுரை உள்ள போயிடும்.”

இரண்டு மாதமாக அவன் படுக்கை முன்னறையில்தான். ஜன்னல் ஓரம் கட்டிலை இழுத்துப் போட்டிருந்தார்கள். வயிற்றில் புண், மருந்தில் ஆறிவிடும், உடம்பு தேற நாளாகும் என்று அவனிடம் சொல்லியிருந்தது. புண் இல்லை அது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் டாக்டர் சொன்னபோது அவளும் அவன் அக்காவும்தான் நின்றிருந்தார்கள். டாக்டர் அந்தப் பக்கம் திரும்பியதுமே அக்கா இவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் பயந்தாங்கொள்ளி. ஊசியைப் பாத்தாலே மயங்கி விழுவான். இது தெரிஞ்சா அன்னிக்கே செத்துடுவான். உனக்கு வாய் நிக்காது, எனக்குத் தெரியும். இந்த ஒண்ணையாவது வயித்துக்குள்ள வெச்சுக்கோ.”

வைத்துக்கொண்டாள். அதுவரை எதையும் அப்படி வைத்துக்கொண்டதில்லை. மனதில் பட்டதைப் பட்டென்று போட்டு உடைக்கிறவள் என்று பெயர் வாங்கியவள், இந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு வார்த்தையையும் வெந்நீர்ப் பாத்திரம் தூக்குகிறவள் மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் எடுத்து வைத்தாள்.

அவன் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். முன்னால் இரண்டு இரும்புக் கைகள் நீட்டி, அடுக்கின பெட்டிகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகிற வண்டி. சரக்கு ஏறிவிட்டால் எதிரே ஒன்றும் தெரியாது. அதனால் பாதி நேரம் பின்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும், கழுத்தைத் திருப்பி, மனிதன் நடக்கிற வேகத்தில். வேலைக்குச் சேர்ந்த வருஷமே அவனுக்கு ‘ரிவர்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அப்படிப்பட்டவனுக்கு ஆசை எதன்மேல் வந்தது என்றால், பவர் க்ரூஸர் மேல். எருமைக்கடா மாதிரி நீளமாய், தாழ்வாய், பின் டயர் லாரி டயருக்குத் தம்பி போல இருக்கும் பைக். கைப்பிடியைச் சும்மா முறுக்கினாலே தார் ரோட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடும் என்பான். அதை வாங்கலாமா வேண்டாமா என்ற விவாதம் அந்த வீட்டில் பிள்ளை இல்லாத இடத்தைப் பிள்ளை மாதிரியே நிரப்பிக்கொண்டு வளர்ந்தது. ஒவ்வொரு விடுமுறை நாளும் குளித்துவிட்டு வந்து ஈரத் தலையோடு உட்காருவான். “சரி. வண்டி விஷயம். எதிர்க்கட்சி என்ன சொல்லுது?”

எதிர்க்கட்சி அவள்தான். அவன் ஒரு நன்மையைச் சொல்ல வேண்டும், அவள் அதை அடித்துப் போட வேண்டும். சீட்டு தாழ்வு, என் உயரத்துக்கு ரெண்டு காலும் தரையில ஊனும் என்பான். தாழ்வா இருந்தா ஒவ்வொரு வேகத்தடையிலயும் அடிவயிறு தட்டும் என்பாள். இழுவை பலம் என்பான். எடையும் பலம், ஒரு தடவை சாஞ்சா யாரு நிமித்துவா, உங்க அக்காவா என்பாள். நேர் ரோட்டில் தேர் மாதிரிப் போகும். திருப்பத்திலும் தேர் மாதிரித்தான் திரும்பும், வடம் பிடிக்க ஊரையே கூப்பிடணும். எஞ்சின் சூடு, சிக்னலில் நின்றால் தொடை வேகும். டேங்க் சின்னது, வழியெல்லாம் பங்க் தேட வேண்டும். ஏற்கெனவே தேய்ந்த இடுப்பு. கடையில் விற்கிறவனுக்குக்கூட அந்த வண்டியின் குறைகள் அவ்வளவு தெரிந்திருக்காது. விலையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்க மாட்டார்கள். அதைப் பேசினால் ஆட்டம் அன்றைக்கே முடிந்துவிடும்.

ஒரு தடவை ஷோரூமுக்கே கூட்டிப்போனான். டை கட்டின விற்பனைப் பையன் பின் சீட்டில் உட்காரச் சொன்னான். உட்கார்ந்த வேகத்தில் வழுக்கிப் பின்பக்கமாகப் போனாள். “ஏம்ப்பா, இது சீட்டா, வெண்ணெய் தடவின பன்னா?” என்று கேட்டாள். கடையே சிரித்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது ரிவர்ஸ் நினைத்து நினைத்துச் சிரித்தான். தோற்றவன் மாதிரியே இல்லை. அவள் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்வரை அந்த வண்டி அவனுடையது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. அதன்பிறகு இன்னும் கடுமையாக மறுத்தாள்.

இன்று காலையில் கிடங்கிலிருந்து அவன் கூட்டாளி வந்திருந்தான். எடை மேடையில் வேலை, தராசு என்பார்கள். புது மாடல் ஒன்று வந்திருக்கிறது என்று போனில் வீடியோ காட்டினான். எஞ்சின் சத்தம் கேட்டு ரிவர்ஸ் கண்ணை மூடிக்கொண்டான். தராசுக்கும் விஷயம் தெரியும். “எழுந்து வா மச்சான், ரெண்டு பேருமா போய் ஓட்டிப் பாத்துடலாம்” என்று சொல்லிவிட்டு, செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு போனான்.

வீடியோ வேலை செய்திருக்க வேண்டும். இடது கன்னம் முடிந்து அவள் பிளேடைக் கழுவும்போது ரிவர்ஸ் தொண்டையைச் செருமினான்.

“சரி. வண்டி விஷயம்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். படுத்த நாளிலிருந்து அவன் இந்தப் பேச்சை எடுத்ததே இல்லை.

“இந்த மாடல்ல ஹேண்டில் பார் கிட்டக்க இருக்காம். முதுகு வளையாது. எதிர்க்கட்சி என்ன சொல்லுது?”

கைப்பிடி கிட்டே வந்தால் கால் மிதி தூரம் போயிருக்கும், காலை நீட்டிக்கொண்டு பிரசவ அறை மாதிரி உட்காரணும். வாக்கியம் அவளுக்குத் தயாராகவே இருந்தது. அவனும் அதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தான், உதட்டோரம் நுரையோடு. போர்வைக்கு வெளியே அவன் வலது கை கிடந்தது. விரல்கள் எதையோ பிடித்திருப்பதுபோல் மடங்கியிருந்தன. கட்டைவிரல் மெல்லக் கீழே இறங்கி, ஏறி, இறங்கியது. முறுக்கிக்கொண்டிருந்தான்.

“வாங்கிக்கலாம்” என்றாள்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

கட்டைவிரல் நின்றது. அவன் அவளைப் பார்த்தான். கோபமாக இல்லை. ஒரு பெட்டியை எடுத்த பிறகு அதன் எடை எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று தெரிந்தால் ஒருவன் பார்ப்பானே, அப்படி. கேட்டதெல்லாம் யாருக்குக் கொடுப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

“அவ்வளவுதானா?” என்றான்.

விவாதத்தைக் கேட்கிறானா, மற்றதைக் கேட்கிறானா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. இரண்டுக்கும் பதில் ஒன்றாகத்தான் இருந்தது.

“இல்லங்க, இருங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா… கால் மிதி ரொம்ப முன்னாடி இருக்கும். உங்க இடுப்புக்கு ஆகாது. எடை வேற. சாஞ்சா யாரு…” குரல் ஓடியது, அவள் அதற்குப் பின்னால் ஓடினாள். “டயர் தேஞ்சா கிடைக்கவே கிடைக்காது. மழையில வழுக்கும். வேண்டாங்க. வேண்டவே வேண்டாம்.”

“விடுடி” என்றான்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். வலது கன்னத்தில் நுரை அப்படியே காய்ந்தது.

சாகப் போகிறது தெரிந்தவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று சொல்கிறவர்கள் யாரும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் இல்லை. ரிவர்ஸுக்குப் பயம் வந்தது. அக்கா சொன்னது சரி, அவன் பயந்தாங்கொள்ளி. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். போர்வைக்குள் கால் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தது. ஈரத் துணியோடு அவள் கிட்டே போனால் கண்ணை மூடிக்கொண்டான்.

மத்தியானம் அக்கா பழச்சாறு எடுத்துக்கொண்டு வந்தாள். அடுத்த மாசம் வேலைக்குப் போயிடலாம், மேலதிகாரிகிட்ட பேசியாச்சு என்று வழக்கமான பொய்யைச் சொன்னாள்.

“ஆமாக்கா” என்றான் ரிவர்ஸ். “அடுத்த மாசம்.”

சொல்லிவிட்டு, அக்காவின் தோளுக்கு மேலாக இவளைப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டதை இருவரும் சேர்ந்து இனி அக்காவிடம் மறைக்க வேண்டும் என்பது மாதிரி இருந்தது அது. அவளுக்கு அவன் கொடுத்த கடைசி வேலை.

அதன்பிறகு பேச்சு இல்லை. ஒரு தடவை மட்டும் “கதவைத் திறந்து வை” என்றான், அதுவும் அக்காவிடம். கதவு திறந்துதான் இருந்தது. அக்கா எழுந்து போய்ச் சாத்தி, மறுபடி திறந்தாள். வெயில் எதிர்வீட்டு மதிலில் ஏறும்போது மூச்சு ஒன்று உள்ளே போனது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அக்கா முதலில் அழத் தொடங்கினாள்.

ஆட்கள் வர ஆரம்பித்தபோதுதான் அக்கா தம்பியின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். “என்ன இது, பாதியில விட்டிருக்கே? இப்படியேவா கிடப்பான்?” என்றாள். இவள் தண்ணீர் கொண்டுவந்து மீதிக் கன்னத்தை மழித்தாள். இப்போது சுலபமாக இருந்தது. அசையாதீங்க என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தராசு வந்து கால்மாட்டில் நின்றான். யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னான். “காலையில கூட வண்டி பாத்துட்டு இருந்தான். ஒண்ணும் தெரியாமலே போயிட்டான். அந்த மட்டும் நல்ல சாவு.”

“எல்லாம் இவளாலதான்” என்றாள் அக்கா. அழுகைக்கு நடுவில் இவள் தலையைப் பிடித்துத் தன் மார்போடு சேர்த்துக்கொண்டாள். “இவ வாய்க்கு ஒரு நாள் தாங்காதுன்னு நெனச்சேன். கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை விடல. உனக்கு நான் கையெடுத்துக் கும்பிடணும்.”

அக்காவின் ரவிக்கைக் கொக்கி அவள் கன்னத்தில் அழுந்தியது. விலகாமல் அப்படியே இருந்தாள்.

பிறகு கேள்விகள் வந்தன. காலையில எடுத்துடலாமா என்றார்கள். சரி என்றாள். அந்தச் சிவப்புச் சட்டையைப் போட்டு விடலாமா என்று அக்கா கேட்டாள். அந்தச் சட்டை அவனுக்குப் பிடிக்காது, கழுத்தை அறுக்கிறது என்று கழற்றி எறிந்தது. சரி என்றாள். கட்டிலை வெளியே போட்டுவிடலாமா, ஜன்னலைச் சாத்தலாமா, மாத்திரைகளை யாருக்காவது கொடுத்துவிடலாமா. சரி, சரி, சரி. அவளைத் தெரிந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இருட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி ஒரு கிண்ணத்தில் சூப் கொண்டுவந்து, கரண்டியை அவள் விரல்களுக்குள் திணித்து, எதிரில் உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு வாயாவது குடி என்றாள். அவள் கரண்டியைக் கிண்ணத்தில் விட்டு, மொண்டு, பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு போதுமா?” என்று கேட்டாள் பக்கத்து வீட்டுக்காரி.

“போதும்” என்றாள்.

கரண்டி இன்னும் கிண்ணத்துக்கு மேலேயே நின்றிருந்தது.