திண்டிவனம் சாலையில் நூறு லிட்டர் கடல்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிற்றுக்கிழமை. செஞ்சி, திண்டிவனம் சாலையில் ஒரு வாடகை வீட்டின் முன்னறையில் தோமினிக் நூறு லிட்டர் கடல்நீர் தயாரித்தான். கடல் அங்கிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர்.

பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்தவன் சட்டையைக்கூட மாற்றவில்லை. சுத்திகரித்த கேன் தண்ணீரை டிரம்மில் ஊற்றி, டப்பாவில் வந்த வெளிநாட்டு உப்பைக் கொட்டிக் கலக்கிக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணு வாசலில் நின்று டப்பாவின் விலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"இன்னா தம்பி, உப்புக்கா இவ்ளோ காசு? மரக்காணத்துல மலை மலையா கொட்டி வெச்சிருக்கான். ஒரு மூட்டை அள்ளியாந்தா ஆவாதா?"

"அது சோத்துக்குப் போடறது அக்கா. இது மீனுக்கு."

"மீனுக்குக் கொழம்புலதான உப்பு போடுவாங்க?"

தோமினிக் கலக்குவதை நிறுத்தவில்லை. துபாயில் ஒரு பெரிய வணிக வளாகத்தின் பவளத் தொட்டிகளை எட்டு வருடம் பார்த்துக்கொண்டவன் அவன். முதல் இரண்டு வருடம் கண்ணாடி தேய்த்தான்; பிறகு பவளத்துக்குத் தீனி போட விட்டார்கள். ஜூன் மாதம் ஒப்பந்தம் முடிந்து, சிறுநீரகக் கல்லோடு ஊருக்கு வந்தான். அக்டோபர் பத்தாம் தேதிக்குள் திரும்ப வந்து சேரச் சொல்லிக் கம்பெனி டிக்கெட் அனுப்பியிருந்தது.

அவன் மனைவி லில்லி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தது பதினான்கு மாதம். இதை அவளாக யாரிடமும் சொன்னதில்லை. கேட்டால் சொல்வாள்.

ஊரிலேயே இருக்க ஒரு வழி தெரிந்தது. பல் டாக்டர் பாரதி பேருந்து நிலையத்துக்கு அருகே புதிய கிளினிக் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஓடும் மிஷின் சத்தத்தை வெளியே காத்திருப்பவர்கள் மறக்க ஒரு மீன் தொட்டி வேண்டும் என்றார். தோமினிக் உயிருள்ள பவளத் தொட்டியைப் பற்றிச் சொன்னான். "முதல்ல உங்க வீட்ல ஒண்ணு வெச்சுக் காட்டுங்க. அக்டோபர் எட்டு, ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன். புடிச்சிருந்தா எனக்கு ஒண்ணு, திண்டிவனத்துல என் ஃபிரண்டு கிளினிக்குக்கு ஒண்ணு" என்றார். பிடித்தால் தோமினிக் இங்கே, பிடிக்காவிட்டால் துபாய். கணவனும் மனைவியும் அப்படித்தான் பேசி முடிவு செய்தார்கள்.

முதல் ஐந்து வாரம் தொட்டியில் தண்ணீர், மணல், கல், ஒரு செத்த இறால். இறால் அழுகினால்தான் கழிவைத் தின்னும் நுண்ணுயிர் பெருகும். அதுவரை வேறெதையும் விடக்கூடாது. தோமினிக் தினமும் சோதனைப் பெட்டியின் சொட்டு மருந்தைக் குழாயில் விட்டு நிறம் பார்த்து நோட்டில் எழுதினான்.

"செத்த எறாலுக்கு இம்மாம் பெரிய ஊடா?" என்றாள் அம்மாக்கண்ணு. "எங்க ஊட்டுக்காரரு நான் உள்ள வரப்ப எழுந்து லைட்டுகூடப் போட மாட்டாரு. இங்க செத்ததுக்கு லைட்டு, ஃபேனு."

ஃபேன் தண்ணீரைக் குளிர்விக்க. குளிரூட்டும் கருவி வாங்கினால் பைக் விலை ஆகும். ஃபேன் காற்றில் ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்; உப்பு ஆவியாகாது. ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத கேன் தண்ணீர் மட்டும் ஊற்ற வேண்டும். கண்ணாடியில் ஒரு டேப் ஒட்டி, தண்ணீர் அதற்குக் கீழே போகக்கூடாது என்று தோமினிக் காட்டிக் கொடுத்தான். உயிர்கள் வந்த மறுநாளிலிருந்து லில்லி அந்த வேலையைத் தனதாக்கிக்கொண்டாள். தினமும் காலையில், அவன் எழுவதற்கு முன், ஊற்றிவிடுவாள்.

செப்டம்பர் 14, அமாவாசை. தோமினிக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் வாங்கியவற்றைத் தெர்மோகோல் பெட்டியில் வைத்துச் சென்னையிலிருந்து பஸ் ஏறினான். மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் நிற்க இடமில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கால் மரத்துப்போக உட்கார்ந்திருந்தான்.

"அம்மனுக்கா?" என்றாள் பக்கத்தில் நின்ற பெண்.

"இல்லீங்க, மீனு."

"அமாவாசையும் அதுவுமா?" என்று அவள் நகர்ந்து நின்றாள். அதனால் கொஞ்சம் இடம் கிடைத்தது.

இரண்டு கோமாளி மீன், சிவப்புக் கோடு போட்ட ஒரு இறால், நான்கு நத்தை, இரண்டு கல்லில் ஒட்டிய மென்பவளம். பாறைப் பவளம் வைத்திருக்கச் சட்டம் அனுமதிக்காது. மென்பவளம் சட்டைப் பொத்தான் அளவில் பச்சையாக விரியும். மூன்றாம் நாள் அது விரிந்தபோது லில்லி அங்கன்வாடிக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனாள். அம்மாக்கண்ணு விலை கேட்காமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 28 அன்று ஒரு நத்தை கண்ணாடியிலிருந்து விழுந்தது. மறுநாள் இரண்டு. பவளம் சுருங்கி மூடிக்கொண்டது. தோமினிக் சோதனைப் பெட்டியில் இருந்த நான்கு சோதனைகளையும் செய்தான். நான்கும் சரியாக இருந்தன. பாதித் தண்ணீரை மாற்றினான். அக்டோபர் 3 அன்று கடைசி நத்தையும் விழுந்தது, இறால் மல்லாந்து கிடந்தது.

அடுத்த நாள் ஆறு மணிக்கே தூக்கம் கலைந்து எழுந்தவன், லில்லி சமையலறையில் குடத்திலிருந்து தொட்டிக்குத் தண்ணீர் மொள்வதைப் பார்த்தான்.

"இன்னா லில்லி, கேன் தண்ணி அங்க இருக்குது பாரு."

"அதுல சத்தே கெடையாதுன்னு டிவியில சொல்றாங்க. கேன் தண்ணியத்தான் ராத்திரி செம்புக் கொடத்துல ஊத்தி வெக்கிறேன். நீங்க குடிக்கிறதுதான்."

அவனுக்குச் சிறுநீரகக் கல் வந்த பிறகு அவள் வாங்கி வைத்த குடம் அது.

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து. ஏங்க?"

தோமினிக் தரையில் உட்கார்ந்தான். துளி அளவு செம்பு கரைந்தாலும் நத்தையும் இறாலும் பவளமும் தாங்கா, மீன் தாங்கிவிடும். செம்பைக் கண்டுபிடிக்கும் சொட்டு மருந்தைத் தனியாக விற்கிறார்கள். வீட்டில் யார் தொட்டிக்குள் செம்பைப் போடப் போகிறார்கள் என்று அவன் அதை வாங்கவில்லை.

சொன்னான். லில்லி குடத்தைப் பார்த்தாள்.

"அப்ப நீங்களும் இதத்தான குடிக்கிறீங்க?"

"நான் எறால் இல்ல லில்லி."

அவள் அழவில்லை. பரணில் இருந்த பெட்டியை இறக்கி, அவனுடைய துபாய் சட்டைகளை எடுத்துத் துவைக்கப் போட்டாள்.

ஞாயிறு பதினொரு மணிக்கு டாக்டர் பாரதி வந்தார். தொட்டியில் இரண்டு மீன் நீந்தின.

"பூ மாதிரி விரியும்னு சொன்னீங்களே?"

"செத்துடுச்சு டாக்டர்."

"நான்தான் காரணம் டாக்டர்" என்றாள் லில்லி. "செம்புத் தண்ணி ஊத்திட்டேன். அவரு வேலைல ஒண்ணும் குத்தம் இல்ல."

பாரதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுதும் கேட்டார். பிறகு சொன்னார்: "எங்க கிளினிக்லயும் செம்புப் பானைதான். பேஷண்டுக்கெல்லாம் அதுலதான் தண்ணி. மகாலட்சுமின்னு ஒரு அம்மா ரொப்புறாங்க. நான் வேணாம்னு சொன்னாலும் இதுலயும் ஊத்துவாங்க." மீன்களைப் பார்த்தார். "இது ரெண்டும் நல்லாத்தான இருக்குது?"

"இருக்குது டாக்டர்."

"அப்ப மீன் மட்டும் போதும். பவளத்துக்குப் பிளாஸ்டிக்ல வருதாமே, கலர் கலரா. அத வெச்சிடுங்க."

லில்லி அவனைப் பார்க்காமல் கதவருகே நின்றாள். அடுத்த வீட்டில் குக்கர் இரண்டு விசில் விட்டது.

"வெச்சிடலாம் டாக்டர்" என்றான்.

அக்டோபர் பத்தாம் தேதி விமானத்தில் அவன் ஏறவில்லை. 29ஆம் தேதி பாரதியின் கிளினிக்கில் நான்கு அடித் தொட்டி வைக்கப்பட்டது. அதில் ஆறு கோமாளி மீன்களும் பதினொரு பிளாஸ்டிக் பவளங்களும் இருக்கின்றன. பவளங்களில் பாசி படிவதால், வெள்ளிக்கிழமை தோறும் தோமினிக் அவற்றை வெளியே எடுத்துப் பிரஷ்ஷால் தேய்க்கிறான்.