வாசிக்காம சொல்லு

சுபாங்கியின் உயிரியல் குறிப்புகளைப் பார்க்கிற யாரும் அவள்தான் வகுப்பில் முதல் என்று நினைப்பார்கள். ஆறு நிற ஹைலைட்டர், அடிமட்டம் வைத்துப் போட்ட கட்டங்கள், முத்து முத்தான கையெழுத்து. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஜேசி படிப்பின் இரண்டாம் ஆண்டு அரையாண்டுத் தேர்வில் அவளுக்குக் கிடைத்தது நூற்றுக்கு முப்பத்தெட்டு.

அவள் தோழி ருக்சார் நேர்மாறு. கசங்கிய தாள்களைப் பையில் திணித்துக்கொண்டு வருவாள், அறுபத்தாறு வாங்கிவிட்டுப் போவாள். சுபாங்கிக்கு வீடு செங்காங்கில், ருக்சாருக்குப் புக்கிட் பாஞ்சாங்கில். இரண்டு ரயில் தடங்களும் லிட்டில் இந்தியாவில் சந்திப்பதால், சனிக்கிழமைதோறும் காலையில் அங்குள்ள தேக்கா உணவங்காடியில் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து படிப்பார்கள். சுபாங்கி எழுதியதையே இன்னும் அழகாகத் திருப்பி எழுதுவாள். ருக்சார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெற்றுத்தாளில் எதையோ கிறுக்குவாள். என்ன கிறுக்குகிறாய் என்று சுபாங்கி ஒருநாளும் கேட்டதில்லை. அவளுக்கு மூளை அப்படி, நமக்கு இவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள்.

ஆகஸ்டு தொடக்கத்தில் ருக்சாருக்கு டெங்கி வந்தது. நான்கு நாள் மருத்துவமனையில் கிடந்துவிட்டு வீடு திரும்பினாள். இறுதித் தேர்வுக்கு முன்னோட்டமான பிரிலிம் தேர்வுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பள்ளியில் நோய் எதிர்ப்பு பற்றிய பாடம் பாதி ஓடிவிட்டது.

அவள் வீடு திரும்பிய அன்று மாலையே சுபாங்கி தன் ஃபைலைத் தூக்கிக்கொண்டு புக்கிட் பாஞ்சாங்குக்குப் போனாள். ருக்சாரின் அம்மா நஃபீசா கதவைத் திறந்தார்.

"வாம்மா. காலையிலேர்ந்து நீ வருவேன்னு சொல்லிட்டே இருக்கா."

ருக்சார் கட்டிலில் சாய்ந்திருந்தாள். கன்னமெல்லாம் வற்றிப்போயிருந்தது. சுபாங்கி நீட்டிய ஃபைலைத் திறந்தாள், உடனே மூடினாள்.

"கண்ணு ரொம்ப வலிக்குதுடி. படிக்க முடியல. நீயே சொல்லு."

சுபாங்கி பக்கத்தைப் புரட்டி வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு வரி தாண்டவில்லை.

"வாசிக்காத. அதுதான் லெக்சர் நோட்ஸ்லயே இருக்கே. வாசிக்காம சொல்லு."

"சரி. வைரஸ் உள்ள வருது. ஒரு செல் அத முழுங்கிடுது. அப்புறம் வைரஸோட ஒரு துண்டை மேல தூக்கிக் காட்டுது. டி செல் வந்து பாக்குது. அப்புறம் டி செல் பி செல்லுக்கு சிக்னல் குடுக்குது. பி செல் ஆன்டிபாடி செய்யுது."

"பி செல்லே வைரஸப் பிடிக்கும்ல? பின்ன எதுக்கு டி செல்லக் கேக்கணும்?"

சுபாங்கி ஃபைலைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பக்கத்தை நான்கு முறை எழுதியிருக்கிறாள். எந்த வரிக்கு எந்த நிறம் என்றுகூட நினைவிருந்தது. ஏன் என்பது மட்டும் தெரியவில்லை.

"தெரியல. நான் இத்தன நாளா படிக்கவே இல்ல போல. சும்மா எழுதிட்டு இருந்திருக்கேன்."

ருக்சார் சிரிக்கவில்லை. "நாளைக்குத் தெரிஞ்சுட்டு வந்து சொல்லு லா. நான் எங்கயும் போகப்போறதில்ல."

வீட்டுக்குப் போனதும் சுபாங்கி ஹைலைட்டர் பையைத் தொடவில்லை. ருக்சார் என்னவெல்லாம் கேட்பாள் என்று யோசித்து யோசித்துப் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஒரு வெற்றுத்தாளில் முழுவதையும் வரைந்து பார்த்தாள். எங்கே கை நின்றதோ, அந்த இடத்தை மட்டும் திறந்து பார்த்தாள். மூன்றாவது தாளில்தான் கை நிற்காமல் ஓடியது.

மறுநாள் மாலை அவள் சொன்னாள்: "பி செல் தப்பா நம்ம உடம்பையே வைரஸுன்னு நெனச்சுட்டா என்ன ஆகும்? அதுக்குத்தான் இன்னொருத்தர் செக் பண்ணணும். டி செல்லும் சரின்னு சொன்னாதான் வேலை ஆரம்பிக்கும்."

ருக்சார் கண்ணை மூடிக்கொண்டே தலையாட்டினாள். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த நஃபீசா, "அப்ப இவளுக்கு இனிமே டெங்கி வராதா?" என்று கேட்டார்.

"வரலாம் ஆன்ட்டி. டெங்கில நாலு வகை இருக்கு. இவ உடம்புக்கு இப்ப ஒண்ணுதான் நல்லாத் தெரியும்."

பதில் தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான், அது தன் குறிப்பில் எங்கேயும் இல்லாத பதில் என்று சுபாங்கிக்கு உறைத்தது.

பத்து நாள் அப்படியே போனது. ஒவ்வொரு நாளும் ருக்சார், "முதல்ல முந்தாநாள் சொன்னத இன்னொருக்கா சொல்லு" என்பாள். முதல் தடவை பாதி மறந்திருந்தது, சுபாங்கிக்கு அழுகையே வந்தது. இரண்டாம் தடவை கொஞ்சம்தான் விட்டுப்போனது. சில நாள் ருக்சார் நடுவிலேயே தூங்கிவிடுவாள். சுபாங்கி போர்வையை இழுத்துவிட்டு, மீதியைச் சுவரிடம் சொல்லி முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

பிரிலிம் விடைத்தாள் வந்தது. சுபாங்கிக்கு அறுபத்து நான்கு, ருக்சாருக்கு அறுபத்தொன்று. அந்தச் சனிக்கிழமை தேக்காவில் சுபாங்கி தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு மட்டும் காய்ச்சல் வராம இருந்திருந்தா, நீதான் கூட வாங்கியிருப்ப..."

"வாய மூடு லா." ருக்சார் தாளைப் பிடுங்கிப் புரட்டினாள். நோய் எதிர்ப்புக் கேள்விக்குப் பத்துக்கு ஒன்பது. பிறகு சுபாங்கியின் தோளில் தலையைச் சாய்த்தாள்.

"எனக்கு இதுல நாலுதான்டி. நீ சொன்னப்ப தூங்கிட்டேன் போல. இப்ப சொல்லு, முழிச்சிருக்கேன்."

சுபாங்கி பைக்குள் இருந்த ஃபைலை எடுக்காமலே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.