கேமராவுக்கு ஒரு சிரிப்பு

எங்கள் டயாலிசிஸ் வார்டில் என் பக்கத்து நாற்காலிக்காரன் ராடிசாவ். பஸ் ஓட்டியவன். செர்பியாவிலேயே முதன்முதலாகப் பன்றியின் சிறுநீரகம் அவனுக்குத்தான் வைக்கப்பட்டது. இதைச் சொல்லும்போதெல்லாம், அதை வைத்த பேராசிரியர் ப்ரோகிச் தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல விறைத்து நிற்பார்.

“மரபணுவையே மாத்தி வளர்த்த பன்னி. உள்ள வந்திருக்கிறது வேத்தாள்னு உடம்புக்கு லேசுல தெரியாது. மிச்சமிருக்கிற சந்தேகத்தை மாத்திரை அடக்கிடும்” என்றார்.

“எங்க வீட்டுப் புனிதர் நாள் விருந்துல பன்னி சுடுவோமே டாக்டர், உள்ள இருக்கறவர் கோவிச்சுக்க மாட்டாரே?” என்று கேட்டான் ராடிசாவ்.

அதற்குப் பிறகு அவனிடம் வேடிக்கைப் பேச்சு வற்றிவிட்டது. தொற்றுக்குப் பயந்து தனியறையில் போட்டிருந்தார்கள். சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தது; முகம்தான் செய்யவில்லை. இந்தச் சாதனையைப் பார்க்க அமைச்சர் வரும் நாளோ நெருங்கியது.

பேராசிரியர் அவன் மனைவி டெசாங்காவைக் கூப்பிட்டார். “என்னம்மா இது, எழவு வீட்டு மூஞ்சி! டிவிக்காரங்க வர்றாங்க. எப்படியாவது சிரிக்க வைங்க.”

அவள் அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். மனம் சோர்ந்தால் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கன்டாரியோன்தான். மஞ்சள் பூச்செடி, காயவைத்துக் கொதிக்கவிட்டால் தேநீர். தினமும் ஃபிளாஸ்கில் கொண்டுவந்தாள். மாத்திரையோடு கிரேப்ஃப்ரூட் பழம் சேராது என்று பேராசிரியர் திரையில் படம் போட்டு விளக்கியிருந்தார். எங்கள் சந்தையில் அதை வாங்குகிறவர் யாரும் கிடையாது. கன்டாரியோனைப் பற்றி அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அது என்ன மருந்தா? தேநீர்.

அமைச்சர் வந்த அன்று ராடிசாவ் சிரித்தான். பேராசிரியரே ஒரு கோப்பை வாங்கிக் குடித்து, “எங்கம்மா கைப்பக்குவம்!” என்றார்.

பிறகு சிறுநீர் குறைந்தது. ரத்தத்தில் மாத்திரையின் சுவடே இல்லை. பேராசிரியர் பன்றியைச் சந்தேகித்தார், மாத்திரைக் கம்பெனியைச் சந்தேகித்தார், ராடிசாவ் மாத்திரையைத் துப்பிவிடுகிறானோ என்று ஆள் வைத்துப் பார்த்தார்.

“ரொம்ப வாடிட்டாரு டாக்டர். தேத்தண்ணியை இன்னும் கெட்டியா போடட்டுமா?” என்று டெசாங்கா கேட்டபோதுதான் அவர் முகம் வெளுத்தது.

அந்தத் தேநீர் ஈரலை முடுக்கிவிட்டு மாத்திரையை வேலை செய்யுமுன்பே அழித்திருக்கிறது. உடம்பு விழித்துக்கொண்டு, வேற்றாளை அடையாளம் கண்டுவிட்டது. சிறுநீரகத்தை எடுக்க வேண்டியதாயிற்று.

“உறுப்பில் எந்தக் குறையும் இல்லை. நோயாளியின் குடும்பச் சூழல்தான் ஒத்துழைக்கவில்லை” என்றார் பேராசிரியர், பத்திரிகையாளர்களிடம். தான் குடித்த கோப்பையைப் பற்றி மூச்சு விடவில்லை.

ராடிசாவ் திரும்பி வந்தான். “வாடா, உன் இடத்துல ஒருத்தனையும் உக்கார விடல” என்றேன். கையை நீட்டினான். நர்ஸ் ஊசியைச் செருகினாள்.

நேற்று டெசாங்கா ஃபிளாஸ்கோடு வந்தாள். “இனிமே குடிக்கலாமாம். அந்த மாத்திரைதான் இல்லையே.”

அரைக் கோப்பை ஊற்றினாள். டயாலிசிஸ்காரனுக்கு அதற்குமேல் தண்ணீர் கிடையாது. அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் குடித்தான்.

“கொஞ்சம் சிரிங்களேன்” என்றாள்.

“ஏன், அமைச்சர் வர்றாரா?” என்றான் ராடிசாவ்.